காலியாகத் திரும்பிப் போன பஸ்

போன வாரம் நம் வாட்ஸ்அப் குரூப்பில் நடந்த வாக்குவாதத்தைப் பார்த்திருப்பீர்கள். நம் காலனிப் பெண்கள் ஸ்கூலுக்குப் போக கம்பெனி பஸ் எப்படிக் கிடைத்தது என்று ஒருத்தி கேட்டு வைத்தாள். கம்பெனிக்காரன் இரக்கப்பட்டுக் கொடுத்தான் என்று ஒருத்தி எழுதினாள். ஹெட்மிஸ்ட்ரஸ் மனு போட்டு வாங்கினார் என்றாள் இன்னொருத்தி. இல்லவே இல்லை, பஞ்சாயத்துத் தலைவர் பேசி முடித்தார், எங்க நைனாவே கூடப் போனார் என்று மூன்றாவது ஒருத்தி அடித்துச் சொன்னாள்.

நான் அன்றைக்கு எதுவும் எழுதவில்லை. போனில் ரெண்டு வரிக்கு மேல் தட்டினால் எனக்குக் கட்டைவிரல் வலிக்கிறது. அதனால் நோட்டில் எழுதி, மருமகளை டைப் அடிக்கச் சொல்லி அனுப்புகிறேன். பொறுமையாகப் படியுங்கள். மூன்று பேர் சொன்னதும் தப்பு. அந்த பஸ்ஸைக் கொண்டு வந்தவள் என் பெரியப்பா மகள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவள். அப்போது அவளுக்குப் பதிமூன்று வயசு. எனக்குப் பதினொன்று. நான் கூடவே இருந்தேன்.

நம்மில் சிலர் கல்யாணமாகி பள்ளிப்பட்டு, ஆரணி என்று போய்விட்டீர்கள். பிள்ளைகளுக்குக் காட்டினால் அவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

நம் காலனிக்கும் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கம் இருந்த ஸ்கூலுக்கும் மூன்று கிலோமீட்டர். நடுவில் தொழிற்பேட்டை, நம் பாஷையில் எஸ்டேட். நம் அம்மாக்கள் நாற்று நட்ட வயலெல்லாம் பிளாட்டாகி, சுற்றிலும் காம்பவுண்டு எழும்பி, உள்ளே கம்பெனி வந்துவிட்டது. நாற்றுக் கட்டு சுமந்த அதே இடத்தில் நைனாமார்கள் இரும்புக் கம்பி சுமந்தார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மூக்கை வைத்தே சொல்லிவிடுவோம். கிழக்கே இருந்து வந்தால் இரும்பைக் காய்ச்சுகிற வாடை. தெற்கே இருந்து வந்தால் அழுகிய முட்டை. கொடியில் போட்ட வெள்ளைச் சட்டை சாயங்காலம் செங்கல் கலரில் இருக்கும். பம்புத் தண்ணீர் நாக்கில் ஆணியை வைத்த மாதிரி. யார் வீட்டிலும் கடிகாரம் கிடையாது, கம்பெனிச் சங்குதான் நேரம். எட்டு மணிச் சங்கு ஊதும்போது நாம் பையை மாட்டிக்கொண்டு எஸ்டேட் ரோட்டில் இறங்குவோம். ஆறாவதிலிருந்து ஒன்பதாவது வரை, பன்னிரண்டு பெண்கள்.

அந்த ரோட்டில் நடைபாதை என்று எதுவும் இல்லை. பழைய இரும்பு ஏற்றி வரும் லாரிகள் பக்கவாட்டில் தகடும் கம்பியும் நீட்டிக்கொண்டு போகும். நாம் ரோட்டோரச் சேற்றில் ஒருத்தி பின்னால் ஒருத்தியாகப் போவோம்.

ஐப்பசி மழையில் ஒரு நாள், எடை மேடையிலிருந்து பின்பக்கமாக வந்த லாரி ஒன்றுக்கு வழிவிட ஒதுங்கியபோது தையல்காரர் மகள் வழுக்கி விழுந்தாள். பின் சக்கரம் அவள் வலது கால் மேல் ஏறியது. அவளும் இந்தக் குரூப்பில் இருக்கிறாள். அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், ஸ்கூலுக்குப் போகவில்லை. மத்தியானம் அம்மா புடவை முழுக்கச் சேறாக வந்தாள். நேராகப் பின்பக்கம் போய்க் குளித்தாள். தையல்காரர் மகளை மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சாயங்காலம் பம்படியில் எல்லா வீட்டுப் பெரியவர்களும் கூடினார்கள். மற்ற எவரும் வாயைத் திறப்பதற்கு முன்னால் என் அம்மா சொன்னாள்.

"எம் பொண்ணு இனிமே போவாது. படிச்சது போதும்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாக அதையே சொன்னார்கள். பையன்களுக்கு சைக்கிள் இருந்தது, அவர்கள் போகலாம். பெண்கள் வேண்டாம். பத்தே நிமிஷத்தில் நம் படிப்பு முடிந்துவிட்டது. அன்றைக்கு என் அம்மாவை நான் வெறுத்த மாதிரி எவரையும் வெறுத்ததில்லை.

மறுநாளிலிருந்து நமக்கு என்ன வேலை? தம்பி தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பது, சுள்ளி பொறுக்குவது, பம்படியில் சண்டை போடுவது. அழுதோம், ஒரு வாரத்தில் அழுகையும் நின்றுவிட்டது. அக்கா மட்டும் அழவில்லை. அவள் ஒன்றும் முதல் ரேங்க் வாங்குகிறவள் இல்லை. கணக்கு அவளுக்கு ஆகவே ஆகாது. கரகரத்த குரல், ஒல்லி உடம்பு. என்னை ஓரமாகக் கூப்பிட்டு ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள்.

"பொங்கலுக்குள்ள நாம பன்னெண்டு பேரும் க்ளாஸ்ல உக்காந்துகினு இருக்கணும்."

"பன்னெண்டா? தையக்காரர் பொண்ணுக்குதான் காலு ஒடஞ்சி கீதே?"

"கட்டுப் பிரிச்சதும் வரும். அதையும் சேத்துதான் சொல்றேன்."

எப்படி என்று கேட்டேன். "அது தெரியல, பாக்கணும்" என்றாள்.

நாமும் ஸ்கூலுக்குப் போக ஆசைப்பட்டோம்தான். ஆனால் நம் ஆசைக்கு உருவம் கிடையாது. அவள் அந்தப் பன்னிரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்தவள் மாதிரி பேசினாள். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

பார்க்கணும் என்று சொன்னவள் நிஜமாகவே பார்க்கப் போனாள். எஸ்டேட் ரோடும் நம் காலனி ரோடும் சேருகிற இடத்தில் தரைப்பாலம் இருந்தது. தினமும் காலையும் சாயங்காலமும் போய் அதன் சுவரில் உட்கார்ந்துகொள்வாள். கம்பெனி கொடுத்த மாதக் காலண்டர் தாளைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு, நூல் கட்டிய பென்சிலால் எழுதுவாள். எதிரே டீக்கடையில் சுவர்க் கடிகாரம் இருந்தது. அவள் "பாரு" என்றதும் ஓடிப்போய் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து வந்து சொல்வது என் வேலை. எட்டு அஞ்சு. எட்டு பதினெட்டு. நாலு அம்பது. எதற்கு என்று தெரியாமலே பத்து நாள் ஓடினேன். டீக்கடைக்காரர் என்னைக் கண்டாலே, "இன்னா பாப்பா, மந்திரி வர்றாரா?" என்று கேட்பார்.

பத்தாவது நாள் அவள் தாளைக் காட்டினாள்.

"பைப் கம்பெனி நீல பஸ்ஸப் பாத்தியா? ஸ்டேஷன்லேர்ந்து வர்றப்ப ஆளுங்க தொங்கிக்கினு வர்றாங்க. கம்பெனில எறக்கி உட்டுட்டு, ஆபீஸ் ஆளுங்கள இட்டாரதுக்கு மறுபடி ஸ்டேஷனுக்குப் போவுது. அப்ப உள்ள யாரு கீறாங்க?"

யோசித்தேன். "டிரைவரு."

"அவரு ஒண்டிதான். எட்டு பதினெட்டுக்கு இந்தப் பாலத்தத் தாண்டுது. நமக்கு ஸ்கூலு ஒம்போதே காலுக்கு. சாயங்காலம் மொதல் டிரிப்பு ஆளுங்கள ஸ்டேஷன்ல எறக்கிட்டு நாலு அம்பதுக்குக் காலியா வருது. நமக்கு நாலேகாலுக்கு பெல்லு."

அந்த பஸ்ஸை நம் காலனியில் பார்க்காதவர்கள் கிடையாது. வருஷக்கணக்காக அது நம் மேல் புழுதி அடித்துக்கொண்டு போயிருக்கிறது. அது காலியாகப் போகிறது என்று ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அடுத்து நடந்ததை நான் சொல்லியே ஆக வேண்டும். மறுநாள் டிரைவரிடம் கேட்பது என்று முடிவு செய்திருந்தோம். அதற்கு முதல் நாள் காலை பம்படியில் பெரியம்மா என்னைப் பிடித்து, "தெனம் எங்கடி போறா அவ?" என்று கேட்டாள். எனக்கு ஒரே பெருமை. பெரிய காரியத்தில் நானும் இருக்கிறேன் அல்லவா? "டிரைவரைப் பாக்கப் போறோம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சாயங்காலத்துக்குள் அந்த ஒரு வார்த்தை தெரு முழுக்கச் சுற்றி, வேறு உடுப்பு மாட்டிக்கொண்டு பெரியப்பா காதுக்கு வந்தது.

பெரியப்பா ரோலிங் மில்லில் லோடு தூக்குகிறவர். அவளை அடிக்கவில்லை. அவளுடைய அலுமினிய ஸ்கூல் பெட்டியை எடுத்தார். புஸ்தகங்களைத் தரையில் கொட்டினார். அந்தப் பெட்டியில் தன்னுடைய ஆணியும் ஸ்பானரும் போட்டு மூடி, பரண் மேல் வைத்தார்.

"இனிமே ஊட்டத் தாண்டி எங்கியும் போவக் கூடாது" என்றார்.

நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான்தான் சொன்னேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பல வருஷம் கழித்து, என் கல்யாணத்துக்கு முதல் நாள் அவள் எனக்கு மருதாணி வைத்துக்கொண்டிருந்தபோது சொல்லி அழுதேன். "அன்னிக்கே தெரியும்" என்றாள். ஏன் கேட்கவில்லை என்றேன். "கேட்டா நீ அழுதுட்டு ஊட்லயே உக்காந்துடுவ. கடிகாரம் பாக்க எனக்கு ஆளு வேணும்ல?" என்று சொல்லிவிட்டு அடுத்த விரலைப் பிடித்தாள்.

பெரியப்பாவுக்கு அந்த வாரம் காலை ஆறு மணி ஷிப்டு. மறுநாள் அவர் கிளம்பிப் போனதும் அவளும் கிளம்பினாள். பெரியம்மா வாசலில் நின்று கத்தியது நம் தெருவுக்கே கேட்டது. "அடிக்கட்டும், பரவால்ல" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். தரைப்பாலத்தில் கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தினாள். டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?"

"இல்லண்ணா. ஸ்கூலுக்குப் போறதுக்கு" என்றாள். முழுக்கச் சொன்னாள்.

அவர் கேட்டுக்கொண்டார். "கம்பெனி வண்டி பாப்பா இது. உங்கள ஏத்துனா நாளைக்கே என் வேல போயிடும். எங்கிட்ட கேட்டு இன்னா பிரயோஜனம்? ஆளுங்க விவகாரம் பாக்கற பர்சனல் ஆபீசர்னு ஒருத்தர் கீறாரு. அவரு ஒரு கையெழுத்து போட்டார்னா நான் ஊட்டு வாசல்லயே வந்து ஏத்திக்கினு போவேன்."

அன்றைக்கே கம்பெனி கேட்டுக்குப் போனோம். வாட்ச்மேன் காக்கிச் சட்டையும் பெரிய மீசையுமாக இருந்தார்.

"யாரு வோணும்?"

"பர்சனல் ஆபீசர்."

"உன் நைனா இங்க வேல செய்றாரா?"

"இல்ல. பஸ் விஷயமா பேசணும்."

அவர் சிரித்தார். போய் வீட்டில் அம்மாவுக்கு உதவி செய்யச் சொன்னார். மறுநாளும் போனோம். அன்றைக்குச் சிரிக்கவில்லை, தடியால் கேட்டில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். நான் ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். தூரத்தில் நின்று திரும்பிப் பார்த்தேன். அக்கா ஓடவில்லை. லாரிக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நகர்ந்து நின்றாள். மத்தியானச் சங்கு ஊதும்வரை அப்படியே நின்றாள். பிறகு என் செருப்பை எடுத்துக்கொண்டு வந்தாள்.

மூன்றாம் நாள் காலண்டர் தாளை நீட்டினாள். "இத மட்டும் அவருகிட்ட குடுங்க. நான் உள்ள வரல."

வாட்ச்மேன் அதை வேண்டாவெறுப்பாகத்தான் வாங்கினார். படிக்கப் படிக்க முகம் மாறியது. தன்னுடைய ரிஜிஸ்டரை எடுத்துப் புரட்டினார்.

"செவ்வாக்கெழம எட்டு முப்பதா? நான் எட்டு பதினஞ்சுன்னு எழுதி வெச்சிருக்கேனே?"

"அன்னிக்கி ரயிலு லேட்டு. ஆளுங்களே எட்டேகாலுக்கு அப்புறம்தான் வந்தாங்க."

ரிஜிஸ்டரை மூடினார். பிறகு தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஆபீசர் தானே கேட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் ரெண்டு பேனா. கோபமாக வந்தார்.

"யார் எழுதச் சொன்னது இதை? யூனியனா? எந்த யூனியன்?"

இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அவர் கம்பெனியின் பஸ் நேரத்தைப் பத்து நாளாக யாரோ வேவு பார்க்கிறார்கள் என்று அந்த மனிதர் பயந்துவிட்டார். அன்றைக்கு நான் அக்கா முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"நான்தான் சார் எழுதுனேன். யூனியன்னா இன்னான்னு தெரியாது" என்றாள் அக்கா.

அவர் அவளையும் பார்த்தார், பின்னால் ஒளிந்திருந்த என்னையும் பார்த்தார். "சரி, என்ன வேணும்?"

"காலியா போற சீட்டு சார். பன்னெண்டு."

நடந்ததையெல்லாம் கேட்டார். குரல் இறங்கிவிட்டது. "பாரும்மா, வண்டியில ஏத்துறது பெரிய ரிஸ்க். வேணும்னா உங்க எல்லாருக்கும் நோட்டு, பேனா வாங்கித் தரச் சொல்றேன்."

"நோட்டு கீது சார். ஸ்கூலுக்குப் போவத்தான் வழி இல்ல."

அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். கடைசியில் சொன்னார். "எல்லாப் பெற்றோரும், எங்க பொறுப்புலதான் அனுப்புறோம்னு கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். தினமும் கூட ஒரு பெரிய பொம்பளை வரணும். இந்த ரெண்டும் இருந்தா நான் மேனேஜர்கிட்ட பேசறேன்."

அந்தத் தாளை அவர் தன் பையிலேயே மடித்து வைத்துக்கொண்டார். அது நமக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.

அடுத்த வாரம் பெரியப்பாவுக்கு மத்தியான ஷிப்டு. சாயங்காலத்தில் அவர் வீட்டில் இல்லை. அக்கா வீடு வீடாகப் போனாள். அவள் கெஞ்சவில்லை. இன்னா பயம் உங்களுக்கு என்று கேட்டாள். ஆம்பிளைக் கூட்டத்தில் பெண்கள் ஏறணுமா என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். காலி வண்டி என்றாள். டிரைவரை எப்படி நம்புவது என்று இன்னொரு வீட்டில். கூடவே ஒரு பெரிய பொம்பளை வருவாங்க என்றாள். யாரு? எல்லா வீட்டிலும் அந்தக் கேள்வியில்தான் வந்து நின்றது.

"ரெண்டு நாள்ல சொல்றேன்" என்று சொல்லிவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, நீதான் கூட வரணும்."

அம்மா நிமிர்ந்தே பார்க்கவில்லை. "மொதல்ல வோணாம்னு சொன்னவளே நாந்தான். எங்கிட்ட வந்து கேக்குற?"

"அதான் சித்தி. நீ வந்தா மத்தவங்க நம்புவாங்க."

முறம் நின்றது. அம்மா அதைக் கீழே வைத்தாள்.

"நான் ஏன் வோணாம்னேன்னு உனக்குத் தெரியுமா? தையக்காரர் பொண்ணத் தூக்கிக்கினு ஓடுனது நாந்தான். வேலைக்குப் போறப்ப எதுக்கவே நடந்துச்சி. எடை மேடைலேர்ந்து ஜிஎன்டி மெயின் ரோடு வரைக்கும் தூக்கிக்கினு ஓடுனேன். அது காலப் பத்தியே பேசல. 'அத்தே, பை நனையுது, புஸ்தவம் நனையுது'ன்னே சொல்லிக்கினு வந்துச்சி. கண்ண மூடுனா அந்தக் கொரலுதான் கேக்குது."

அம்மாவின் புடவையில் இருந்த சேறு எதன் சேறு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் கல்நெஞ்சுக்காரி என்று மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஸ்கூலுக்குப் போகாமல் இருந்தால் உயிரோடு இருப்பேன் என்று அவள் நினைத்திருக்கிறாள்.

அக்கா கீழே அவள் எதிரில் உட்கார்ந்தாள். "நடந்து போனா நீ பயப்படறது சரிதான் சித்தி. நடக்கவே வோணாம்னுதானே சொல்றேன்."

அம்மா எழுந்து போய் விளக்குக் கண்ணாடியில் படிந்திருந்த கரியைக் கட்டைவிரலில் தேய்த்துக்கொண்டு வந்தாள். ஆபீசர் கேட்ட பேப்பரில் முதல் கைநாட்டு அவளுடையது. காலையில் செய்துகொண்டிருந்த கம்பெனி பெருக்குகிற வேலையை விட்டாள். ஸ்டேஷன் பக்கம் நாலு வீட்டில் வேலை பிடித்தாள். அப்போதுதான் காலையில் நம்மோடு போய், சாயங்காலம் நம்மோடு திரும்ப முடியும்.

அதற்குப் பிறகு நாலே நாளில் அவளுடையதோடு சேர்த்துப் பத்துக் கைநாட்டு ஆனது. தையல்காரர், மகள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே, பதினொன்றாவதாகப் போட்டார். பெரியப்பா மட்டும் மறுத்துவிட்டார்.

"எல்லார் ஊட்டுப் பொண்ணும் போவட்டும். நான் தடுக்கல. எம் பொண்ணு போவாது. அவ பேரு தெருவுல அடிபட்டது போதும்."

அக்கா அந்தப் பதினோரு பேர் பேப்பரைக் கொண்டு போய்க் கொடுத்தாள். மேனேஜர் சம்மதித்தார். மார்கழி மாசம் ஒரு திங்கட்கிழமை, எட்டு பதினெட்டுக்கு, நீல பஸ் தரைப்பாலத்தில் வந்து நின்றது.

அந்த பஸ்ஸின் உள்ளே இருந்த வாசனை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? ரெக்ஸின் சீட்டு, வியர்வை, எஞ்சின் ஆயில், ஆட்கள் படித்துவிட்டுப் போட்ட பேப்பர். நம்மில் பாதிப் பேர் அன்றைக்குத்தான் முதல் முதலாக பஸ்ஸில் உட்கார்ந்தோம். பத்துப் பேர் ஏறினோம். அக்கா ஒவ்வொருத்தி பேராகக் கூப்பிட்டு ஏற்றினாள். கடைசியில் கதவை அவளே சாத்தி, வெளியிலிருந்து பஸ்ஸைத் தட்டி, "ரைட்" என்றாள்.

பஸ் கிளம்பியது. நான் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் புழுதிக்குள் நின்று, கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, பஸ் வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். தான் ஏறாத பஸ்ஸுக்கு மூன்று வாரம் தினமும் வந்தாள். சாயங்காலம் என்னிடம் நோட்டை வாங்கி வைத்துக்கொள்வாள். அது ஆறாவது பாடம், அவளுக்குத் தேவையே இல்லை. அவள் வகுப்பில் படித்த எதிர்வீட்டுப் பெண்ணிடம் தன் பாடத்தைக் கேட்டு எழுதிக்கொள்வாள். புஸ்தகத்தைக் கோதுமை மாவுப் பையில் சுற்றி வைத்திருந்தாள்.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும். பனி, பத்தடி தள்ளி ஆள் தெரியவில்லை. ஒருத்தி இன்னும் வரவில்லை. டிரைவர் ஹாரன் அடிக்கிறார். அக்கா பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, "இன்னும் ஒண்ணு வரணும்ணா. ரெண்டு நிமிசம் கீது" என்கிறாள். "உன்னால எனக்கு பேஜாரு" என்று சொல்லிவிட்டு அவர் எஞ்சினை நிறுத்திவிட்டார்.

அந்த நேரத்தில் இரவு ஷிப்டு முடித்து, ரெண்டு மணி நேரம் ஓவர்டைமும் பார்த்துவிட்டு மில் ஆட்கள் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்கள். பெரியப்பாவும் அதில் இருந்தார்.

"யாருபா அது, டிரைவரையே நிக்க வெச்சிகினு கீது?" என்று ஒருத்தர் கேட்டார். இன்னொருத்தர், "பஸ்ஸு வாங்கிக் குடுத்த பொண்ணு அதான்யா. எங்க ஊர்லயும் கேக்கறாங்க, எப்படி வாங்குனீங்கன்னு" என்றார்.

பெரியப்பா சைக்கிளிலிருந்து இறங்கினார். முன் சீட்டில் இருந்த என் அம்மாவுக்கு அவர் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"எம் பொண்ணு" என்றார்.

சைக்கிளைப் பாலத்துச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து பஸ் படியில் ஒரு காலை வைத்து உள்ளே பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். ரெண்டு ரெண்டு பேராக உட்கார்ந்திருந்த நம்மைப் பார்த்தார். கடைசி சீட்டு காலியாக இருந்தது.

"அங்க ஏன் யாரும் உக்காரல?"

"அது ரெண்டு பேருக்கு" என்றாள் அக்கா. "ஒண்ணு காலு ஒடஞ்சதே, அதுக்கு. ஒண்ணு எனக்கு."

அவர் படியிலிருந்து காலை எடுத்தார். லேட்டாக வந்தவள் மூச்சிரைக்க ஓடி வந்து ஏறினாள். பஸ் கிளம்பிவிட்டது. அன்று சாயங்காலம் நான் அக்கா வீட்டுக்குப் போனபோது பெரியப்பா பின்பக்கம் உட்கார்ந்து, ஆணியையெல்லாம் ஒரு டின்னில் கொட்டிவிட்டு, அலுமினியப் பெட்டியை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம் முழுக்க அவள் புஸ்தகங்களில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது.

தையல்காரர் மகள் பங்குனியில்தான் வந்தாள், கட்டையை ஊன்றிக்கொண்டு. பொங்கல் தாண்டிவிட்டதே என்று அக்காவிடம் கிண்டலாகச் சொன்னேன். "வந்துடுச்சில்ல?" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த ஜூனில் பக்கத்து ஊர்க்காரர்கள் தேடிக்கொண்டு வந்தார்கள். அக்கா அவர்களுக்காகப் போய்ப் பேசவில்லை. உங்க ஊர் வழியா எந்த வண்டி எப்போ காலியா போவுதுன்னு முதல்ல பாருங்க, எழுதுங்க என்று சொல்லிக் கொடுத்தாள். ரெண்டு ஊர்க்காரர்கள் எழுதினார்கள், அவர்களுக்கு பஸ் கிடைத்தது. ஒரு ஊர்க்காரர்கள் எழுதவில்லை.

பிறகு அவள் வாழ்க்கை நேர்க்கோட்டில் போகவில்லை. பத்தாவதில் கணக்கில் பெயிலாகி மறுபடி எழுதினாள். எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் சேர்ந்து, லைன் சூப்பர்வைசர் ஆனாள். ரெண்டு தடவை பஞ்சாயத்துத் தலைவர். மூன்றாம் தடவை தோற்றாள். இன்றைக்கு நம் தெருவுக்குக் குடிதண்ணீர் வருவதும், எஸ்டேட் ரோட்டில் நடைபாதை இருப்பதும் அவள் காலத்தில் நடந்தவை. கூட்டத்தில் யார் என்ன திட்டம் சொன்னாலும், "முடிஞ்சதும் அது எப்படி இருக்கும்னு சொல்லுங்க" என்று கேட்பாளாம். பதில் தெரியாதவர்கள் கோபப்படுவார்கள். அவளுக்கு நம்மைவிட மூளை அதிகம் என்று நான் நினைக்கவில்லை, தைரியம் அதிகம் என்றும் சொல்ல மாட்டேன். எதற்காக நிற்கிறோம் என்பது அவளுக்குக் கண் முன்னால் தெரிந்தது. அதனால் நிற்க முடிந்தது. அவள் நின்றதால் நம்மாலும் அவள் பக்கத்தில் போய் நிற்க முடிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். வீட்டில் இல்லை. எஸ்டேட்டுக்குப் பின்னால், வடக்கே இருந்து வந்த வேலைக்காரர்கள் தங்கியிருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ரூம்கள் வரிசையாக இருக்கிறதே, அங்கே இருந்தாள். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் ஒரு பீகார்ப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பிள்ளைகள்.

"நாப்பத்தொரு புள்ளைங்க கீது இங்க. ஒண்ணு கூட ஸ்கூலுக்குப் போவல" என்றாள் என்னைப் பார்த்ததும். நான் எப்படி இருக்கிறேன் என்றுகூடக் கேட்கவில்லை. "ஆதார்ல அட்ரஸ் வேற, டிசி இல்ல, அவங்களுக்குப் பாரம் எழுதத் தெரியல. ஸ்கூல்ல பேசிட்டேன். சேத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. எழுதுறதுக்கு எட்டுப் பேர் வேணும்."

முட்டி வலி, சர்க்கரை, வெயில் என்று நமக்குச் சொல்ல ஆயிரம் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. வரும் திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. எஸ்டேட் பின் கேட்டில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் இந்திக்காரங்க லைன் என்று சொன்னால் கொண்டு வந்து விடுவார். தண்ணீர் பாட்டிலும் பேனாவும் எடுத்து வாருங்கள். என் பேரைக் கொடுத்துவிட்டேன். இன்னும் ஏழு பேர் வேண்டும்.